இருபது நிமிஷ வேலை

அந்தச் சுவிட்சை மட்டும் தொட வேண்டாம் அண்ணாச்சி. வேர்க்கிறது, தெரிகிறது. மேலே இருக்கிற ஃபேன் ஓடாது, காயில் போய்விட்டது. மேஜை ஃபேன் இருக்கிறது, ஆனால் அதற்கும் இந்தக் கம்ப்யூட்டருக்கும் ஒரே பிளக். இன்னொரு பிளக்கில் பொறி வருகிறது. மாற்ற வேண்டும், எனக்கு நேரம் எங்கே இருக்கிறது? இதைப் பிடுங்கினால்தான் ஃபேனைச் செருக முடியும். இப்போது பிடுங்க முடியாது. முப்பத்தொரு சதவீதம் ஏறியிருக்கிறது, அந்தக் கோட்டைப் பாருங்கள். பாதியில் நின்றால் போயிற்று, மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டும். ஏற்றுவது கஷ்டம் என்று சொல்லவில்லை. இருபது நிமிஷ வேலை. நேற்றுக் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன்.

உட்காருங்கள். வடிவைப் பார்க்கத்தானே வந்தீர்கள்? செருப்பைக் கழற்றும்போதே "அம்மா இல்லையா?" என்றீர்கள். எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். கதவைத் திறக்கிறேன், முழு ஆளாக முன்னால் நிற்கிறேன், என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "அம்மா இல்லையா?" இல்லை. வாசுதேவநல்லூர் போயிருக்கிறாள், ஒரு ஜாதகம் வாங்க. பன்னிரண்டு மணி வண்டியில் வந்துவிடுவாள். நான் அவள் வீட்டுக்காரர், ஆவுடையப்பன். போர்டில் என் பெயர் இல்லை. ஸ்ரீ கோமதி திருமண தகவல் மையம், உரிமையாளர் தில்லைவடிவு. பதினோரு வருஷமாக அப்படித்தான் இருக்கிறது. நான் ஒன்றும் சொன்னதில்லை.

புளியங்குடியா? வெயிலோடு வந்திருக்கிறீர்கள். மகளுக்கா? தை மாதம் கொடுத்த ஜாதகத்துக்கு இன்னொரு நகல் கொண்டு வரச் சொல்லி வடிவு போன் செய்தாளாக்கும். எல்லோருக்கும் செய்கிறாள். ஏன் என்று சொன்னாளா?

கம்ப்யூட்டர் ரிப்பேர் என்றாளா? பாருங்கள். இதுதான் எனக்குப் பிடிக்காதது. ரிப்பேர் என்று யார் சொன்னது? நன்றாக ஓடுகிறது. முன்பைவிட நன்றாக ஓடுகிறது. அதில் உங்கள் மகள் ஜாதகம் இல்லை, அவ்வளவுதான்.

கோபப்பட வேண்டாம். சொல்கிறேன். வண்டி வர இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது.

நான் டெலிபோன் இலாகாவில் முப்பத்துநாலு வருஷம் இருந்தேன். கேபிள் ஜாயின்ட். ரோட்டோரக் குழிக்குள் உட்கார்ந்து நூறு ஜோடிக் கம்பியை ஒவ்வொன்றாக நிறம் பார்த்து முறுக்க வேண்டும். ஒரு ஜோடி மாறினால் டாக்டர் வீட்டுக்கு வருகிற போன் கறிக்கடையில் அடிக்கும். என் கையில் மாறியதே இல்லை. இரண்டு தடவை மாறியிருக்கிறது, அது மழை. எதற்குச் சொல்கிறேன் என்றால், நுணுக்கமான வேலை எனக்குப் புதிது இல்லை. போன சித்திரையில் ரிட்டயர் ஆனேன். சால்வை போட்டார்கள், ஒரு கடிகாரம் கொடுத்தார்கள். மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் குளித்து, விபூதி பூசி, சட்டை மாட்டிக்கொண்டு இந்த அறையில் வந்து உட்கார்ந்தேன். நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களே, அதே நாற்காலி. வடிவு பார்த்தாள். "அது வாரவங்க உக்காருத நாற்காலில்லா" என்றாள்.

எழுந்துவிட்டேன்.

அவள் வேலையைக் குறை சொல்ல மாட்டேன். அறுநூற்றுச் சொச்சம் ஜாதகம் இந்தப் பெட்டிக்குள் வைத்திருந்தாள். மதுரைக்காரர் ஒருவர் போட்டுக்கொடுத்த ஜாதக சாப்ட்வேர். பிறந்த தேதி, நேரம், ஊர் அடித்தால் ராசிக் கட்டம், நவாம்சம், தசாபுத்தி எல்லாம் தாளில் வந்து விழும். ஆனால் மெதுவாக. ஜெராக்ஸ் கடைப் பென்டிரைவைச் செருகிச் செருகி வைரஸ் ஏறிக் கிடந்தது. பிரிண்ட் கொடுத்துவிட்டு உள்ளே போய் அவரைக்காய் நறுக்குவாள். நறுக்கி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தால் தாள் வந்திருக்கும். அவளுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. நான் இங்கே நின்று அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்குத் தாங்காது.

"ஒனக்கு இது மெதுவாத் தெரியலையா வடிவு?"

"மெதுவாத்தான் இருக்கு. கல்யாணமும் மெதுவாத்தான் முடியுது."

இப்படிப் பேசினால் என்ன செய்வது?

தங்கப்பழம் என்று என்னோடு இருந்த ஆள், ஆபரேட்டர், அவரும் ரிட்டயர். அவர்தான் பாளையங்கோட்டையில் ஒரு கூட்டத்துக்குக் கூட்டிப் போனார். லினக்ஸ். கேள்விப்பட்டிருக்கிறீர்களா? கம்ப்யூட்டரை ஓட்டுகிற அடிப்படைச் சமாச்சாரம் அது. பழையதை எடுத்துவிட்டு இதை ஏற்றிக்கொள்ளலாம். இலவசம். யாரும் யாருக்கும் கொடுக்கலாம். பழைய பெட்டி புதிது மாதிரி ஓடும். ஒரு பள்ளிக்கூட ஹாலில் முப்பது பேர், எல்லாம் இளவட்டம். நான் உள்ளே போனதும் நாற்காலி எடுத்துப் போட்டார்கள். "ஐயா எந்த ஊரு?" என்றார்கள். கேபிள் ஜாயின்ட் பற்றிச் சொன்னேன். கேட்டார்கள் அண்ணாச்சி, பத்து நிமிஷம் கேட்டார்கள். ஒருத்தர் நோட்டில் எழுதிக்கொண்டார். அப்புறம் ஒரு பெண் மேடையில் பேசினாள். "இருபது நிமிஷ வேலைதான். திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரிந்தால் போதும்." என் பக்கம் பார்த்துத்தான் சொன்னாள். முதலில் உங்கள் ஃபைல்களுக்கு ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னாள். அதையும் கேட்டுக்கொண்டேன். நகல் எடுக்காமல் செய்யவில்லை. அதற்கு வருகிறேன்.

பென்டிரைவ் ஒன்று கொடுத்தார்கள். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் நாலைந்து தடவை தொட்டுப் பார்த்திருப்பேன்.

வடிவிடம் சொன்னேன். அவள் இரண்டே கேள்விதான் கேட்டாள்.

"எஞ் ஜாதகமெல்லாம் இருக்குமா?"

"இருக்கும்."

"மதுரைக்காரர் சாப்ட்வேர் ஓடுமா?"

"ஓடும். ஓட வச்சிரலாம்."

"ஓடுமா, ஓட வைக்கணுமா?"

இப்படித்தான் பிடிப்பாள். சம்பந்தம் பேசிப் பேசி வந்த பழக்கம். ஆடி பிறக்கப் போகிறது, கல்யாணமே கிடையாது, கடை சும்மாத்தானே கிடக்கும், அப்போது போட்டுவிடுகிறேன் என்றேன். சிரித்தாள். "ஆடில கல்யாணந்தான் கெடையாது. ஆவணிக் கல்யாணத்துக்கு ஜாதகம் வாரதே ஆடிலதான். தபசுத் திருநாளுக்கு வார கூட்டத்துல பாதிப் பேரு மடில ஜாதகத்த வச்சுக்கிட்டுல்லா வாராங்க. புரட்டாசில செய்யுங்க" என்றாள். புரட்டாசி என்றால் இப்போது. அதுவரை பென்டிரைவைப் பையில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள். மூன்று நாள் சொல்லிப் பார்த்தேன். நாலாம் நாள் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். கோபம் இல்லை, பசிக்கவில்லை. அவள்தான் காலண்டரைப் பார்த்தாள். "ஆடி மொத வெள்ளி. ஒம்பதே காலுக்கு மேல பத்தே காலுக்குள்ள. நல்ல நேரத்துல தொடங்குங்க. பத்தரைக்கு ராகுகாலம்."

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. குழிக்குள் இறங்க நான் என்றைக்காவது ராகுகாலம் பார்த்திருக்கிறேனா? அவளுக்காக ஒத்துக்கொண்டேன்.

முதல் நாள் சாயங்காலமே நகல் எடுத்துவிட்டேன். திரையில் மஞ்சள் நிறத்தில் ஒரு ஃபோல்டர் இருக்கும், 'ஜாதகங்கள்' என்று பெயர். தினமும் வடிவு அதைத்தான் தட்டித் திறப்பாள். அதைப் பிடித்து இழுத்து இன்னொரு பென்டிரைவில் போட்டேன். ஒரு நொடி. ஒரே நொடியில் போய்விட்டது. வடிவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாத்தியா? அறுநூறு ஜாதகம், ஒரு செக்கன்ட்." அவள் குனிந்து பார்த்தாள். "ஓரத்துல ஒரு அம்புக்குறி இருக்கே, அது என்ன?" என்றாள். அது அப்படித்தான் இருக்கும் என்றேன். அது எப்போதும் இருந்தது அண்ணாச்சி. பதினோரு வருஷமாக அந்த அம்புக்குறி அங்கே இருந்தது. அவளும் ஒருநாளும் கேட்டதில்லை.

இப்போது எத்தனை? நாற்பத்தாறு. ஏறுகிறது.

வெள்ளிக்கிழமை மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம் வைத்தாள். ஒன்பதே காலுக்குச் சரியாக ஆரம்பித்தேன். பென்டிரைவைச் செருகிப் பெட்டியைப் போட்டால் பழைய சிஸ்டமே வருகிறது. போட்டதும் ஏதோ ஒரு பட்டனை அழுத்த வேண்டுமாம். எந்தப் பட்டன்? ஒரு பெட்டியில் ஒன்று, இன்னொரு பெட்டியில் வேறு. எழுத்து கண் சிமிட்டும் நேரத்துக்கு வந்து மறைகிறது. படிக்கத் தெரிந்தால் போதும் என்றாளே அந்தப் பெண், எங்கே படிக்க விட்டது? மூக்குக் கண்ணாடியோடு முகத்தைத் திரையில் ஒட்டிக்கொண்டு ஏழு தடவை போட்டுப் போட்டு அணைத்தேன். எட்டாவது தடவை பட்டன் தெரிந்தது, அழுத்தினேன், கீபோர்டு வேலை செய்யவில்லை. அந்த இடத்தில் புது மாதிரிக் கீபோர்டு ஏற்காதாம், உருண்டை ஊசி வைத்த பழைய கீபோர்டுதான் வேண்டுமாம். எதிர்த்த ஜெராக்ஸ் கடையில் கெஞ்சி வாங்கி வந்தேன். ஒன்பது ஐம்பத்தெட்டு.

அப்புறம் மளமளவென்று வந்தது. மொழி கேட்டது, ஊர் கேட்டது. வரைபடத்தில் ஊரைக் காட்டச் சொன்னது. பிறகு எங்கே ஏற்றுவது என்று கேட்டது. பழையதுக்குப் பக்கத்திலேயே இதையும் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வழி வரும் என்று தங்கப்பழம் சொல்லியிருந்தார். அது வரவில்லை. நான் போட்டுப் போட்டு அணைத்ததில் பழையது சரியாக மூடவில்லையாம், அதனால் அந்த வழியைக் காட்டாதாம். இது பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு இருந்தது இரண்டு வழி. ஒன்று, எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்று. இன்னொன்று, நீயே பாகம் பிரித்துக்கொள். பாகம் பிரிப்பதைத் தொட்டுப் பார்த்தேன். எத்தனை பாகம், ஒவ்வொன்றும் எவ்வளவு, எது எங்கே என்று அது பாட்டுக்குக் கேட்கிறது. சொத்துப் பாகப்பிரிவினைகூட இவ்வளவு இருக்காது. படித்தால் புரியும். எனக்குப் புரியாதது இல்லை. ஒரு கால் மணி நேரம் வேண்டும், அவ்வளவுதான்.

வடிவு அந்த நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். "பத்தே கால் ஆகப் போகுது" என்றாள்.

வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். நான் இதை அவளிடமே சொல்லியிருக்கிறேன். நீ மட்டும் அன்றைக்கு நேரம் சொல்லாமல் இருந்திருந்தால் நான் நிதானமாகப் படித்து இரண்டாவது வழியில் போயிருப்பேன். நகல்தான் இருக்கிறதே என்று முதல் வழியை அழுத்தினேன். பத்து பதின்மூன்று. இன்னும் இரண்டு நிமிஷம் மிச்சம். வடிவு கோமதியம்மன் படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

பத்து முப்பத்தைந்துக்கு முடிந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், இருபத்திரண்டு நிமிஷம். அந்தப் பெண் சொன்னது பொய் இல்லை. திரை அவ்வளவு சுத்தமாக இருந்தது அண்ணாச்சி. கழுவிவிட்ட தரை மாதிரி. ஒன்றுமே இல்லை அதில்.

வடிவு மேஜைக்கு வந்தாள். "சரி, அந்த எலுமிச்ச மண்டிக்காரர் மக ஜாதகத்த எடுங்க. ராஜபாளையத்துக்காரங்க பதினோரு மணிக்கு வாராங்க. பத்துக்கு எட்டுப் பொருத்தம்..."

நீங்கள் மண்டியா அண்ணாச்சி?

எலுமிச்சையா?

புளியங்குடியில் எத்தனையோ மண்டி இருக்கும். மகள் பேர் என்ன? உமாபார்வதி. ம். பேரெல்லாம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது. அவளைத்தான் கேட்க வேண்டும்.

தண்ணீர் குடிக்கிறீர்களா? அந்தப் பானையில் இருக்கிறது.

என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? பென்டிரைவைச் செருகினேன். ஃபோல்டர் இல்லை. ஒரே ஒரு ஃபைல். தட்டினால் திறக்கவில்லை. லினக்ஸில் திறக்கத் தெரியவில்லை போல, ஏதாவது வழி இருக்கும் என்று அதிலேயே இருந்தேன். அவர்கள் பதினோரு மணிக்குச் சரியாக வந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா, அம்மா, ஒரு மாமா. இரண்டு பேர் இங்கே, ஒருத்தர் அந்த ஸ்டூலில். "இதோ ஆயிட்டு, இப்ப வந்துரும்" என்றேன். வடிவு மோர் கொடுத்தாள். பிறகு சுண்டல் கொடுத்தாள். ஒன்றரை மணி வரை இருந்தார்கள். அந்த மாமா கடைசியில், "பொண்ணு ஜாதகம் இல்லாமயா எங்கள வரச் சொன்னீங்க?" என்று கேட்டார். வடிவைப் பார்த்துக் கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்டிருந்தால் நான் விளக்கியிருப்பேன்.

அவர்கள் போன பிறகு தங்கப்பழத்துக்குப் போன் போட்டேன். ஃபைல் எவ்வளவு பெரிசு என்றார். இரண்டு கேபி என்றேன். "வே, அம்புக்குறி போட்டிருந்துச்சா?" என்றார். ஆமாம் என்றேன். "அது ஃபோல்டர் இல்ல வே. ஃபோல்டர் எங்க இருக்குன்னு காட்டுத குறி. வீட்டு விலாசத்தல்லா காப்பி எடுத்திருக்கீரு. வீட்ட இடிச்சிட்டீரே" என்று சிரித்தார்.

இந்தச் சிரிப்புத்தான் எனக்கு ஆகாது. கூட்டிப் போனது யார்?

ஐம்பத்தெட்டு. பாருங்கள், பேச்சில் நேரம் போவது தெரியவில்லை. உங்களுக்கு ரொம்ப வேர்க்கிறது. இந்தப் பேப்பரை வைத்து விசிறிக்கொள்ளுங்கள். அது ஜாதகம் இல்லை, சும்மா பிரிண்ட் எடுத்துப் பார்த்தது.

மதுரையில் அழிந்ததை எடுத்துத் தருகிற கடை ஒன்று இருக்கிறது என்றார்கள். உடனே போகவில்லை. நானே எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். சரியாக ஏறவில்லையோ என்று மறுபடி ஒரு தடவை ஏற்றினேன். அடுத்த வாரம் பிரிண்டர் பேசவில்லை, அதற்காக வேறு ஒரு வகை லினக்ஸ். அதில் எத்தனையோ வகை இருக்கிறது, அதுதான் அதன் விசேஷமே. அப்புறம் அதிலும் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வந்தது, எடுத்துவிட்டு மறுபடி முதலாவதையே. ஆவணி பாதியில்தான் பெட்டிக்குள் இருந்த ஹார்டு டிஸ்க் வட்டைக் கழற்றித் துண்டில் சுற்றி மதுரைக்குக் கொண்டுபோனேன். அவர் மாட்டிப் பார்த்தார். "அழிஞ்ச அன்னைக்கே கொண்டாந்திருந்தா பெரும்பாலும் எடுத்திருக்கலாம் சார். அதுக்கு மேல எத்தன தடவ ஏத்துனீங்க?" என்றார். மொத்தம் நாலு என்றேன். துண்டிலேயே சுற்றித் திருப்பிக் கொடுத்தார்.

நாலு தடவை ஏற்றியிருக்கிறேன் அண்ணாச்சி. கஷ்டம் என்றால் ஒரு ஆள் நாலு தடவை ஏற்றுவானா?

வடிவிடம் எடுக்க முடியாதாம் என்று மட்டும் சொன்னேன். எத்தனை தடவை என்று அவர் கேட்டதைச் சொல்லவில்லை. அவளும் ஏன் என்று கேட்கவில்லை. கடைவீதிக்குப் போய் நீள நோட்டு எட்டு வாங்கி வந்தாள். ஒரு மர ஸ்கேல். பென்சில். கட்டம் போட்டாள், பன்னிரண்டு கட்டம், நடுவில் காலி. எழுத ஆரம்பித்துவிட்டாள். எதைப் பார்த்து? ஒன்றையும் பார்க்காமல். "கழுகுமலை வாத்தியார் மகன், கேட்ட நட்சத்திரம், சிம்ம லக்கனம், ஏழுல சனி" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே எழுதுகிறாள். நூற்று இருபது எழுதினாள். அப்புறம் அசலைக் கொண்டு வந்தவர்களுடையதை வைத்து நான் சரிபார்த்தேன். எப்படியும் தப்பு இருக்கும் என்றுதான் பார்த்தேன். இரண்டில் தப்பு. நினைவு இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இது ஒரு முறையா? ஞாபகம் இல்லாதவற்றுக்குப் போன். போன் எடுக்காதவர்களுக்கு பஸ். இந்த வயசில், இந்த முழங்காலோடு. நான் போகிறேன் என்றால், "ஒங்களுக்கு அங்க என்ன கேக்கணும்னு தெரியாது" என்கிறாள்.

அப்படியென்றால் கம்ப்யூட்டரில் செய் என்றேன். லினக்ஸிலேயே ஜாதகம் போடுகிற சாப்ட்வேர் இருக்கிறது, அதுவும் இலவசம். கஷ்டப்பட்டு ஏற்றினேன். அவள் பிறந்த தேதியையே போட்டு, கலரில் பிரிண்ட் எடுத்து அவள் முன்னால் வைத்தேன். நீங்கள் விசிறிக்கொண்டிருக்கிறீர்களே, அதுதான். பார்த்தாள். "வட்டமால்லா இருக்கு" என்றாள். வெளிநாட்டு முறை, உலகம் பூராவும் இப்படித்தான் என்றேன். "ஜாதகம் கட்டமா இருக்கணும். இதக் கொண்டுபோய் நான் யாருகிட்ட காட்ட?" என்று மடித்து வைத்துவிட்டாள். அன்றைக்குச் சாயங்காலமே பெட்டி மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடினாள். காலையில் நான் எடுப்பேன். மத்தியானம் அவள் மூடுவாள். திரை எரிந்துகொண்டிருந்தாலும் அந்தப் பக்கம் கண்ணைத் திருப்ப மாட்டாள்.

என்ன கேட்டீர்கள்? பழையதையே போட்டால் என்னவா? இதை ஜெராக்ஸ் கடைக்காரர் கேட்டாயிற்று, பால்காரர் கேட்டாயிற்று, போன வாரம் மருமகன் போனில் கேட்டாயிற்று. போடலாம். ஒரே நாளில் போட்டுத் தருவார்கள். அப்புறம் நான் யார் இந்த வீட்டில்? தெரியாமல் கை வைத்துக் கெடுத்தவன் என்று ஆகிவிடாதா?

அதனால்தான் இன்றைக்கு இந்தப் பாடு. மதுரைக்காரர் சாப்ட்வேர் போட்டுக்கொடுத்த சிடி தட்டு மேஜை டிராயரில்தான் இருந்தது. அதை லினக்ஸுக்குள்ளேயே ஓட வைக்க ஒரு வழி இருக்கிறது. நேற்று முழுக்கப் படித்தேன். இது ஏறி முடிந்தால் ஓடும். அதே சாப்ட்வேர், அதே கட்டம், அவளுக்குப் பழகிய அதே பச்சைத் திரை. அவள் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே வரும்போது பிரிண்டரிலிருந்து ஒரு ஜாதகம் வர வேண்டும். கட்டத்தில். வேறொன்றும் வேண்டாம். அவள் ஒரு தடவை இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தால் போதும். எண்பத்தொன்று. உங்கள் மகளுடையதையே முதலில் போடலாம், கொண்டு வந்திருக்கிறீர்களே, அந்தக் கவரில் இருப்பதுதானே?

ராஜபாளையத்துக்காரர்களா...

அவர்கள் வேறு இடம் பார்த்துவிட்டார்கள் அண்ணாச்சி. ஸ்ரீவில்லிபுத்தூரில். ஆவணி இருபத்தேழில் கல்யாணமும் முடிந்துவிட்டது. உங்களுக்குச் சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன்.

எட்டுப் பொருத்தம்தான். பத்துக்குப் பத்து இருந்தும் நிற்காமல் போனது எத்தனையோ உண்டு என்று அவளே சொல்வாள். வேறு அமையும். அவள் விட மாட்டாள்.

ஒன்று மட்டும் அண்ணாச்சி. அவள் வந்ததும் ராஜபாளையம் பற்றிக் கேட்க வேண்டாம். கேட்டால் "கம்ப்யூட்டர் ரிப்பேராப் போச்சு அண்ணாச்சி, என் தப்புத்தான், ஒரு நகல் எழுதி வச்சிருக்கணும்" என்பாள். எல்லோரிடமும் இதைத்தான் சொல்கிறாள். அன்றைக்கு அந்த மாமா அப்படிக் கேட்டபோதும் இதைத்தான் சொன்னாள். இதுவரை ஒரு ஆளிடம்கூட, எங்க வீட்டுக்காரர் அழிச்சிட்டார் என்று சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். ஒரு தடவை கத்திவிட்டால் என்ன? சட்டியைத் தூக்கிப் போட்டால் என்ன? முப்பத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவள். கத்தினால் நானும் பதிலுக்கு அந்தப் பத்தே கால் விஷயத்தைச் சொல்லிக் கத்துவேன், தீர்ந்துவிடும். அவள் பாட்டுக்கு ஸ்கேலை வைத்துக் கோடு போடுகிறாள்.

தொண்ணூற்று மூன்று.

கேட் சத்தம். வந்துவிட்டாள். வண்டி இன்றைக்குச் சீக்கிரம். இன்னும் ஐந்து நிமிஷம் கழித்து வந்திருக்கக் கூடாதா?

வா வடிவு. அண்ணாச்சி புளியங்குடி. இப்பத்தான் வந்தாங்க. கெடச்சுதா ஜாதகம்? பஸ் ஸ்டாண்டுலருந்து நடந்தா வந்த? ஆட்டோ பிடிச்சா என்ன? மூஞ்சியெல்லாம் செவந்து கெடக்கு. மொதல்ல உக்காரு. நோட்ட அப்புறம் எடுக்கலாம். சரி, எடு. வேர்வ சொட்டுது பாரு, எழுத்து மேலயே விழுது.

அண்ணாச்சி, காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே பிளக் உங்களுக்குப் பின்னால் இருக்கிறது. இன்னும் கொஞ்சம். ம், போதும்.

காத்து வருதா வடிவு? தாள் பறக்குது பாரு, ஸ்கேல மேல வச்சுக்கோ.